மெழுகு எட்டரை கிராம்

என் தங்கை லீலா கிடாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவள். ஆரணியில் அப்போது மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். ஃபேனுக்குக் கட்டுகிறவர்கள் இரண்டு பேர். கிடாருக்குக் கட்டியவள் இவள் ஒருத்திதான். வேலூரிலும் திருவண்ணாமலையிலும் ஆள்விட்டு விசாரித்தேன், யாரும் இல்லை. மெட்ராஸில் இருக்கலாம். நான் போய்ப் பார்க்காத ஊரைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன்.

மின்சாரக் கிடாரைப் பக்கத்தில் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரணக் கிடாருக்கு இருப்பதுபோல் அதற்கு வயிற்றில் ஓட்டை கிடையாது. முழுக்கட்டை. தந்திகளுக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னப் பெட்டி பதித்திருப்பார்கள். பிக்கப் என்று பெயர். அதற்குள் ஒரு காந்தம். காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஏழாயிரம் எட்டாயிரம் சுற்று. தந்தி அதிர்வதை அதுதான் வாங்கி ஆம்பிளிஃபயருக்கு அனுப்புகிறது. அந்தக் கம்பி எங்காவது ஓரிடத்தில் அறுந்தால் போதும், கிடார் ஊமை.

எங்கள் வீடு நெசவு வீடு. அப்பா வேணுகோபால் பட்டுச்சேலை நெய்கிறவர். நான் பாவு பிணைக்கிறவள். தறியில் நெடுக்காக ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏறும்போது, பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிச் சேர்ப்பதுதான் பிணைப்பு. ஆயிரக்கணக்கான இழை. ஒன்று விட்டுப்போனாலும் சேலையில் தெரியும். பாவுக்கு நடுவே குறுக்காக ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சிறு குழலில் ஊடை நூலைச் சுற்றுவதற்குத் தார் சுற்றுவது என்பார்கள். அது லீலாவின் வேலை. அவள் கையில் நூல் அறுந்து நான் பார்த்ததில்லை. தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை, எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

1978 ஆடி மாதம். எங்கள் ரேடியோ கரகரத்தது என்று லீலா அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் துரை அண்ணனின் ரிப்பேர் கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன், ரேடியோவைப் பிரித்தால் உள்ளே இருப்பது எல்லாம் திரும்ப உள்ளே போகிறதா என்று பார்க்க. துரை அண்ணன் ஒரு சின்னப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா இது, இவ்ளோ மெல்லிசா கீது?" என்றாள் லீலா.

"கிட்டாரு காயிலும்மா. மூணு நாளா பேஜாரு. நூறு சுத்து சுத்தறதுக்குள்ள பட்டுன்னு அறுந்துடுது."

"நீங்க இழுக்கறீங்க. அது வர்றப்ப விடணும்."

"ஏம்மா, பதினஞ்சு வருசமா காயில் கட்டிகினு கீறேன். எனக்கே சொல்றியா?"

"மோட்டாரு கம்பி தாம்புக்கயிறு மாதிரிண்ணா. இது பட்டு மாதிரி. குடுங்க, வூட்ல ராட்டையில போட்டுப் பாக்கறேன்."

அவர் கொடுத்துவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அறுந்தால் யார் பொறுப்பு என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன். லீலா முன்னால் நடந்தாள்.

ராட்டைச் சக்கரம் ஒரு சுற்று வந்தால் குழல் செருகுகிற இரும்புக் கதிர் நாற்பது சுற்று வரும். கதிரில் தார்க்குழலுக்குப் பதில் பிக்கப்பைச் செருகினாள். கிழிந்த பட்டுத்துண்டு ஒன்றை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, அதன் வழியாகக் கம்பியை விட்டாள். சக்கரம் பத்துச் சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை. பத்தொன்பது கொட்டை சேர்ந்தபோது நிறுத்தினாள். ஏழாயிரத்து அறுநூறு சுற்று. நடுவில் ஒரே ஒரு தடவை அறுந்தது. பாவு இழையைச் சேர்ப்பதுபோல் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்த்துவிட்டாள். கடைக்குக் கொண்டுபோனால் மீட்டர் முள் அசையவே இல்லை. துரை அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். கம்பிமேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சு இருக்கிறது, அதைச் சுரண்டி ஈயம் வைத்தால்தான் கரண்டு போகும் என்றார். லீலா திரும்ப வந்து முதலிலிருந்து சுற்றினாள். இரண்டாவது தடவை முள் அசைந்தது.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வருஷத்துக்குள் போளூர், செய்யாறு, வேலூர் என்று பாட்டுக் கச்சேரிக் குழுக்கள் தேடிவர ஆரம்பித்தன. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மேடை போட்டு சினிமாப் பாட்டு வாசிக்கிறவர்கள். அவர்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசும்போது நான் பாவு பிணைத்துக்கொண்டே கேட்பேன். எனக்குப் பாட்டு தெரியாது. ஆனால் வியாபாரம் தெரியும். கிடார் வியாபாரத்தைப்போல் சந்தேகத்துக்கு இடமான வியாபாரம் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

கல்கத்தா கிடார் வாங்கினால் சித்திரை வெயிலில் கழுத்து வளைந்துவிடும் என்பார் ஒருவர். வளையாது, சரியாக வைத்திருந்தால் நாற்பது வருஷம் நிற்கும் என்பார் அதே கிடாரை விற்க வந்தவர். பழைய தந்தியை வெந்நீரில் கொதிக்க வைத்தால் சத்தம் திரும்ப வரும் என்று ஒரு குழுவே செய்தது. பத்து நாள் வரும், அப்புறம் போய்விடும் என்று லீலா சொன்னாள். வெளிநாட்டுக் கிடாரின் காந்தத்தில் வெள்ளி கலந்திருக்கிறது, அதனால்தான் அந்தத் தொனி என்று ஒருவர் சத்தியம் செய்தார். எந்தக் காந்தத்தை யார் உரைத்துப் பார்த்தார்கள் என்று கேட்டேன். அவர் பேச்சைத் தந்தி விலைக்கு மாற்றினார். இங்கே நெய்த சேலை வேறொரு ஊர்ப் பெயரோடு அலமாரியில் தொங்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பெயர் ஒட்டுவது எவ்வளவு சுலபம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சின்னக்கண்ணு என்று ஒருவர். மெட்ராஸிலிருந்து ஊர் ஊராகப் போய் வாத்தியங்கள் வாங்கி விற்கும் தரகர். சஃபாரி உடை, கையில் பெட்டி. அவர் விற்பது எல்லாமே கப்பலில் வந்தது. ஒருமுறை துரை அண்ணன் கடையில் அவர் ஒரு கிடாரைச் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். தலைப்பக்கம் இங்கிலீஷில் ஏதோ பெயர் மின்னியது. ஓரத்தில் நகத்தால் லேசாக நெருடினேன். தோல் உரிவதுபோல் எழுத்தின் காது எழும்பியது. திரும்ப அழுத்தி ஒட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல் நின்றேன். அன்றிலிருந்து அந்த ஆள்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது.

அவரிடம்தான் தங்கவேலு தன் கிடாரை வாங்கியிருந்தார். தங்கவேலு ஆரணி அரிசி ஆலையில் வேலை செய்கிறவர், ஊர்க் கச்சேரிக் குழுவில் கிடார் வாசிப்பவர். ஐந்து வருஷம் சேர்த்து வைத்து வாங்கிய சிவப்புக் கிடார். அது நிஜமாகவே வெளிநாட்டுப் பொருள் என்று துரை அண்ணனும் ஒப்புக்கொண்டார். 1982 சித்திரையில் அது ஊமையாகிவிட்டது. தங்கவேலு பிக்கப்பைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார், பிறந்த குழந்தையை எடுத்து வருவதுபோல.

"லீலா, ஒன்ன நம்பித்தாம்மா குடுக்கறேன். வைகாசியில பன்னெண்டு கச்சேரி கீது."

"பத்து நாளு குடுங்கண்ணா. ஜல்தியா செஞ்சா சரியா வராது."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளி பட்டு நூலை எடை போட்டுத்தான் கொடுப்பார், சேலையை எடை போட்டுத்தான் வாங்குவார். கழிவு நூலைக்கூடச் சுருட்டி வைத்திருந்து திரும்பத் தர வேண்டும். சரிகைக்காக அப்பா ஒரு சின்னத் தராசு வைத்திருந்தார், அரை கிராம்கூடக் காட்டும். எங்கள் வீட்டுக்குள் வந்து வெளியே போகிற எதையும் நான் எடை போடாமல் விட்டதில்லை. தங்கவேலு தெருமுனை தாண்டியதும் பிக்கப்பைத் தட்டில் வைத்தேன். நூற்றுப் பதினெட்டு கிராம். ஒரு சீட்டில் எழுதி, தேதி போட்டு, தறிக்குப் பின்னால் ஆணியில் குத்தினேன். லீலாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது.

பத்தாம் நாள் வேலை முடிந்தது. லீலா குளிக்கப் போன நேரத்தில் திரும்ப எடை போட்டேன். நூற்று ஒன்பது.

தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். படிக்கல்லை மாற்றிப் போட்டேன். நூற்று ஒன்பதுதான். ஒன்பது கிராம் குறைகிறது.

அந்த நாட்களில் லீலா தானே ஒரு புதுப் பிக்கப் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள், துரை அண்ணன் கடையிலிருந்து உடைந்த ஸ்பீக்கர் காந்தங்களைக் கேட்டு வாங்கி. அது சரியாக வரவில்லை, காந்தம் போதவில்லை என்று நாலு நாளாக முனகிக்கொண்டிருந்தாள். நல்ல காந்தம் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று அவள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. சுவரில் அவள் சாமான் வைக்கிற மாடப்பிறையைப் பார்த்தேன். அங்கே காகிதத்தில் சுற்றிய ஒரு காந்தம் இருந்தது. பிரித்து எடை போட்டேன். பதினாறு கிராம். ஒன்பதோடு பொருந்தவில்லை. ஆனால் நல்லதை எடுத்துக்கொண்டு பிக்கப்புக்குள் இலேசானதை வைத்திருந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்பதாக இருக்கலாம் இல்லையா? இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டே காகிதத்தை அதே மடிப்பில் மடித்து வைத்தேன்.

அவள் ஈரத்தலையோடு வந்து, "இன்னாக்கா, பேயறஞ்ச மாதிரி நிக்கற?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. தலவலி."

கேட்டிருக்கலாம். கேட்டால், திருடினாயா என்று கேட்டதாகிவிடும். கேட்காமல் சீட்டில் இரண்டாவது வரியாக 109 என்று மட்டும் எழுதினேன். மாலை தங்கவேலு வந்து வாங்கிக்கொண்டு போனார். லீலா சிரித்துக்கொண்டே கொடுத்தாள். அவள் சிரிப்பையும் நான் சந்தேகமாகத்தான் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஒரு மாதம் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. அவள் புதிதாகச் செய்த பிக்கப் ஒருநாள் நன்றாகப் பாடியது. "கேளுக்கா, கேளுக்கா" என்று குதித்தாள். எந்தக் காந்தம் என்று கேட்டேன். "ஸ்பீக்கரு காந்தந்தான், ரெண்ட ஒண்ணா ஒட்டிட்டேன்" என்றாள். நான் நம்பவில்லை.

வைகாசிக் கச்சேரிகள் முடிந்து ஆனி பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தங்கவேலு வந்தார். தோளில் கிடார். செருப்பைக் கழற்றவில்லை.

"உக்காருங்கண்ணா" என்றாள் லீலா.

"உக்கார்றதுக்கு வர்ல. ஒரு வார்த்த கேக்கணும். எங்கிட்டாருல இருந்த காந்தம் எங்க?"

"இன்னாண்ணா கேக்கறீங்க? கிட்டாருலதான் கீது."

"அது ஒரிஜினல் இல்லியாம். நேத்து சின்னக்கண்ணு வந்தாரு. பிக்கப்ப கழட்டி கையில வெச்சிப் பாத்ததுமே சொல்லிட்டாரு. கனம் கொறயுது, பத்து கிராமாவது கொறயும்னாரு. காந்தத்த மாத்திட்டாங்கன்னாரு. இனிமே இது பாதி வெலைக்கு மேல போவாதாம். போனா போவுது, நானே எடுத்துக்கறேன்றாரு."

லீலாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் மாத்துனேன்னு நீங்க நம்பறீங்களா?"

"ஒன்ன நம்பலன்னா நான் எதுக்கும்மா இங்க வரேன்? நேரா போயி நாலு குழுவுல சொல்லிட மாட்டனா? நாளைக்குப் போளூரு கச்சேரி. எல்லாக் குழுவும் வருது. அங்க என்னைக் கேப்பாங்க. நான் இன்னா சொல்லட்டும், நீயே சொல்லு."

அவர் சொன்னதன் அர்த்தம் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. லீலாவுக்கு விளம்பரப் பலகை கிடையாது. ஒரு குழு இன்னொரு குழுவிடம் சொல்லித்தான் வேலை வருகிறது. ஒரு வாய் மாற்றிச் சொன்னால் நான்கு வருஷ உழைப்பு அன்றோடு சரி.

அம்மா உள்ளிருந்து வந்து நின்றாள். தங்கவேலு என் பக்கம் திரும்பினார். "ராஜம்மா, ஒங்க வூட்ல நூலு ஒண்ணு உள்ள வந்தாக்கூட எடை போடுவீங்கன்னு ஊரே சொல்லுது. எம்பொருள எடை போட்டீங்களா, இல்லியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சீட்டு எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் நான் போட்ட எடையைப் போடவில்லை என்று எப்படிச் சொல்வது? அதைவிட, இல்லை என்று சொன்னால் என் சந்தேகம் என் வயிற்றிலேயே கிடந்து அழுகும். தறிக்குப் பின்னால் போய் சீட்டை எடுத்து வந்து கொடுத்தேன்.

தங்கவேலு உரக்கப் படித்தார். "உள்ள வந்தது நூத்திப் பதினெட்டு. வெளிய போனது நூத்தி ஒம்பது." அவர் குரல் இறங்கிவிட்டது. "அப்ப அந்தாளு சொன்னது நெசம்."

லீலா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீ எப்பக்கா எடை போட்ட?"

நான் தறிப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஒரு மாசமா இத வெச்சிகினுதான் மூஞ்சியத் திருப்பிகினு இருந்தியா? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா?"

"கேட்டா நீ இன்னா சொல்லியிருப்ப?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"மெழுகுன்னு சொல்லியிருப்பேன்."

அவள் மாடப்பிறையின் அடித்தட்டிலிருந்து ஒரு பால்பவுடர் டப்பாவை எடுத்து வந்து கூடத்தின் நடுவில் கவிழ்த்தாள். காகிதப் பொட்டலம் ஒன்றில் பழைய செம்புக் கம்பி, கசங்கிய முடிக்கொத்துபோல. இன்னொன்றில் மஞ்சள் நிறத்தில் மெழுகுத் துண்டுகள்.

"பெட்டியத் தெறந்தா உள்ள பூரா மெழுகு, தங்கவேலண்ணா. யாரோ ரொப்பி ஊத்தி கீறாங்க. கிட்டாரு ஆம்பிளிஃபயர் பக்கத்துல போனா கீச்சுனு கத்தும் பாருங்க, அது கத்தாம இருக்கறதுக்கு ஊத்துவாங்க. கொஞ்சம் ஊத்துனா போதும். இதுல கெட்டியா ரொப்பி வெச்சிருந்துது. மெழுகு போனாத்தான் பழைய கம்பிய உருவ முடியும். தகரத்தட்டுல வெச்சி வெய்யில்ல போட்டேன், தானா வடிஞ்சிடுச்சி. அன்னிக்கு அக்கா முள்ளிப்பட்டுல பாவு பிணைக்கப் போயிருந்தா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதலாளி வீட்டில் கச்சாப்பட்டு வாங்கினால் அதன்மேல் ஒரு பசை இருக்கும். சாயக்காரர் சோப்பும் சோடாவும் போட்டு அவித்துப் பசையைப் போக்கினால்தான் பட்டு மின்னும். கிலோவுக்குக் கால் கிலோ அதிலேயே போய்விடும். போனது பட்டு இல்லை, பசை என்று எங்கள் தெருவில் பால்குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். அவிப்பதற்கு முன்னால் ஒரு எடை, அவித்ததற்குப் பின்னால் ஒரு எடை என்று இருபது வருஷம் எழுதியவள் நான். செம்பு, இரும்பு என்றவுடன் அது குறையாது, குறைந்தால் திருட்டுதான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

தராசை எடுத்து வந்து நடுவில் வைத்தேன். தங்கவேலு கிடாரிலிருந்து பிக்கப்பைக் கழற்றினார். நூற்று ஒன்பது. எல்லோரும் குனிந்து பார்த்தோம். லீலா பழைய கம்பியைத் தட்டில் வைத்தாள். முப்பது. "புதுசும் முப்பதுதான் சுத்துனேன். கம்பி உருளைய முன்னாடியும் பின்னாடியும் தொரண்ணன் கடத் தராசுல போட்டேன். அவரப் போய்க் கேளுங்க" என்றாள். கம்பிக்குக் கம்பி சரியாகிவிட்டது. மிச்சம் மெழுகு. மெழுகுத் துண்டுகளை நான் ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தேன். விரலில் லேசாகக் கற்பூரம் மணத்தது.

எட்டரை.

"சரியாப் போச்சு" என்று தங்கவேலு மூச்சுவிட்டார்.

"சரியாப் போவல" என்றேன். "அரை கிராம் வரணும்."

"ஐயோ, விடுங்க ராஜம்மா! அரை கிராம்ல காந்தமா வரும்?"

"அதெப்படி விடறது? ஒம்பதுன்னா ஒம்பது இருக்கணும்."

லீலா டப்பாவைத் தலைகீழாகத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் சீட்டுக்குப் பதில் சொல்ல இன்னும் அரை கிராம் தேட வேண்டியிருந்தது அவளுக்கு. அப்போது அம்மா தொண்டையைக் கனைத்தாள்.

"அந்த டப்பாவுல இருந்த மஞ்ச மெழுகாடீ? நாடா சரியா ஓடலன்னு ஒங்கப்பா கத்திகினு இருந்தாரு. அதுல ஒரு துண்டு கிள்ளி நாடாவுல தேச்சிட்டேன்."

"எவ்ளோம்மா கிள்ளுன?" என்றேன்.

"இன்னாடி எவ்ளோன்ற? ஒரு கிள்ளு. ஒங்கம்மா கிள்ளுறதுக்கும் சீட்டு எழுதி வெச்சிக்கோ!"

தங்கவேலு முதலில் சிரித்தார். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "என்ன மன்னிச்சிடும்மா லீலா" என்றார். "அந்தாளு பேச்சக் கேட்டுட்டேன்." பிக்கப்பைத் திரும்ப மாட்டி, கிடாரை மடியில் வைத்து ஒரு தந்தியை மீட்டினார். ஆம்பிளிஃபயர் இல்லாமல் அது கொசு பாடுவதுபோல்தான் கேட்டது.

அவர் போகும்போது நான் கேட்டேன். "பத்து கிராம் கொறயும்னு அந்த சின்னக்கண்ணுக்கு எப்படித் தெரியும்? கையில தூக்கிப் பாத்தா ஒம்பது கிராம் தெரியுமா? எனக்கே தெரியாதே."

தங்கவேலு வாசலில் நின்று யோசித்தார். "தொழில் பண்றவரு இல்லிங்களா" என்றார்.

"தொழில் பண்றவருக்கு மெழுகு ஊத்தறதும் தெரியுமில்ல?"

அவர் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். கிடாரை விற்கவில்லை. மறுநாள் போளூரில் அவர் நல்லபடியாகவே சொன்னார் என்று மூன்று பேர் மூலமாக உறுதி செய்துகொண்டேன். லீலாவின் வேலை குறையவில்லை.

ஆனால் வீட்டில் ஒன்று மாறியது. அன்று மாலை லீலா அந்தச் சின்னத் தராசை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள். அப்பா சரிகைக்குக் கேட்டால் அவளே எடுத்துக் கொடுத்து, அவளே திரும்ப வாங்கி வைத்தாள். வேலைக்கு வருகிற பிக்கப்பைக் கொண்டுவந்தவர் கண் முன்னாலேயே எடை போட்டு, தானே சீட்டு எழுதினாள். முடித்துக் கொடுக்கும்போது பழைய கம்பி ஒரு பொட்டலம், மெழுகு ஒரு பொட்டலம் என்று சேர்த்துக் கட்டிக் கொடுத்தாள். இப்படிச் செய்கிறவர் மெட்ராஸில்கூட இல்லை என்று வேலூர்க்காரர் ஒருவர் சொன்னார். கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என்னைத் தராசுப் பக்கம் அவள் விடவில்லை. பிக்கப்பைத் திறக்கும்போது மட்டும் கூப்பிடுவாள்.

"வா, வந்து எதுருல குந்து. பாத்துக்கோக்கா, மெழுகு எடுக்கறேன்."

நான் போய் உட்காருவேன். போகாமல் இருந்தால் இன்னும் மோசமாக இருக்கும் என்று தெரியும். அவள் கரண்டியால் மெழுகை எடுத்து என் கண்ணுக்கு நேராகக் காட்டிவிட்டுத்தான் பொட்டலத்தில் போடுவாள். இப்படி ஒரு வருஷம்.

1983 ஆடியில் சின்னக்கண்ணு வந்தார். எங்கள் வீட்டுக்கே வந்தார். மெட்ராஸில் ஒருவர் மூன்று பிக்கப்பைக் கெடுத்துவிட்டாராம், ஆரணியில் ஒரு பெண் நன்றாகக் கட்டுகிறாள் என்று அங்கேயே கேள்விப்பட்டாராம். பெட்டியைத் திறந்து இரண்டு பிக்கப்பை வெளியே வைத்தார். போன வருஷத்துப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

நான் லீலாவைப் பார்த்தேன். துரத்திவிடு என்று கண்ணால் சொன்னேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

"குந்துங்கண்ணா. இங்க எல்லாம் எதுருலதான்" என்று சொல்லித் தராசை எடுத்து நடுவில் வைத்தாள். முதல் பிக்கப்பை எடை போட்டாள். மூடியை நெம்பித் திறந்தாள். உள்ளே கெட்டியாக மஞ்சள் மெழுகு. அதே மஞ்சள். நெருங்கி முகர்ந்தேன், லேசாகக் கற்பூர வாசனை. தங்கவேலுவின் மெழுகிலும் இதே வாசனைதான்.

"எவ்ளோ ரொப்பி கீறாங்க பாருங்க" என்றாள் லீலா, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே. "யாருண்ணா ஊத்துனது?"

"நான் வாங்கும்போதே அப்படித்தாம்மா இருந்துது. சத்தியமா."

"மெழுகு ஊத்துனா கனமா இருக்கும். வாங்கறவங்க கையில தூக்குனா ஒசத்திச் சரக்காட்டம் தெரியும். இல்லண்ணா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. விக்கறது மட்டுந்தான் என் வேல."

அவர் நெற்றியில் வேர்வை இருந்தது. ஆடிக்காற்று ஜன்னல் வழியாக நன்றாகவே வீசிக்கொண்டிருந்தது. அவர்தான் ஊற்றினார் என்று நான் சொல்லமாட்டேன், பார்க்கவில்லை. ஆனால் எனக்கு என்ன தோன்றியதோ அது இன்றுவரை மாறவில்லை.

லீலா மெழுகைச் சுரண்டி எடுத்துத் தட்டில் வைத்தாள். முள் நிற்கக் காத்திருந்தாள். அப்புறம், முகத்தை என் பக்கம் திருப்பாமல், கையை மட்டும் நீட்டி பென்சிலை என்னிடம் கொடுத்தாள்.

"எழுதிக்கோக்கா."

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னைச் சீட்டு எழுதச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிக்கப் நூற்று இருபத்தொன்று, மெழுகு பதினொன்று, நிறம் மஞ்சள், வாசனை கற்பூரம், கொண்டுவந்தவர் சின்னக்கண்ணு என்று எழுதினேன். தேதி போட்டேன். எழுதியதை அவளுக்கும் அவருக்கும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, அவரிடம் கையெழுத்து கேட்டேன்.

அவர் போட்டார்.